கிரிக்கெட் ரெக்கார்டு சண்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டார லீக் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதுகிறேன், அவ்வப்போது கிரிக்கெட் வினாடி வினாவும் நடத்துகிறேன். இந்த இரண்டையும் செய்கிறவனிடம் பஞ்சாயத்துக்கு வர யாருக்கும் கூச்சமே கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டு, "அண்ணே, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீங்களே சொல்லுங்க" என்பார்கள். சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எழுதிவைத்துவிட்டேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல் இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். கேள்விதான் அரைகுறை.

முதல் சர்வதேச மேட்ச் 1877-ல மெல்போர்ன்ல நடந்ததுதானே? அதுக்கு ஏன் மார்க் தரல?

அது முதல் டெஸ்ட் போட்டி. 1877 மார்ச் 15-ல் தொடங்கியது, ஆஸ்திரேலியாவின் சார்லஸ் பேனர்மேன் முதல் பந்தைச் சந்தித்து, அணியின் 245 ரன்னில் 165 ரன்னைத் தானே அடித்து, விரலில் அடிபட்டு வெளியேறினார். ஆனால் நாடு எதிர் நாடு என்று பார்த்தால் 1844-லேயே நியூயார்க்கில் அமெரிக்காவும் கனடாவும் ஆடிவிட்டார்கள், கனடா 23 ரன்னில் ஜெயித்தது. கேள்வியில் 'சர்வதேச' என்றிருந்தால் 1844, 'டெஸ்ட்' என்றிருந்தால் 1877.

இன்னொன்று, 1877-ல் ஆடியவர்களுக்குத் தாங்கள் 'முதல் டெஸ்ட்' ஆடுகிறோம் என்றே தெரியாது. எந்தெந்த மேட்சை டெஸ்ட்டாகக் கொள்ளலாம் என்று அடிலெய்டைச் சேர்ந்த கிளாரன்ஸ் மூடி என்ற பத்திரிகையாளர் 1894-ல் ஒரு பட்டியல் போட்டார். அதுதான் பின்னால் நிலைத்தது. அதாவது ரெக்கார்டு புத்தகத்தின் முதல் வரியே பிற்பாடு யோசித்து எழுதியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல கேள்விகள் லேசாகிவிடும்.

ஒருநாள் போட்டியில முதல் டபுள் செஞ்சுரி சச்சின்தான? இதுல என்ன டவுட்டு?

ஆண்களில் சச்சின்தான், 2010 பிப்ரவரி 24, குவாலியர், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 200 நாட் அவுட். ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே, 1997 டிசம்பரில், மும்பையில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிராக 229 நாட் அவுட் அடித்துவிட்டார். அதே வருடம் மே மாதம் சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் 194-ல் அவுட்டானபோது 'ஆறு ரன்னில் போச்சே' என்று நாம் பேசியது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். கிளார்க்கின் இன்னிங்ஸ் நம் நாட்டிலேயே நடந்தும் யாருக்கும் தெரியவில்லை.

உலகக் கோப்பையும் இப்படித்தான். முதல் உலகக் கோப்பை 1975 என்று எழுதுகிறார்கள். பெண்கள் 1973-லேயே இங்கிலாந்தில் ஆடிவிட்டார்கள். 'ஆண்கள்' என்ற ஒரு சொல்லைக் கேள்வியில் சேர்ப்பதில் என்ன சிரமம் என்று எனக்குப் புரியவே இல்லை.

பிராட்மேனைவிட அதிக சராசரி வெச்சவங்க இருக்காங்கன்னு ஒருத்தன் அடிச்சு சொல்றான். கதையா?

கதை இல்லை. மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி கான்டோம் 1948-ல் ஒரே ஒரு டெஸ்ட், ஒரே ஒரு இன்னிங்ஸ், 112 ரன். அப்புறம் அவரை எடுக்கவே இல்லை, அதனால் சராசரி 112. ஆஸ்திரேலியாவின் கர்ட்டிஸ் பேட்டர்சன் 2019-ல் இலங்கைக்கு எதிராக 30, 114 நாட் அவுட், அவுட்டானது ஒரே முறை, ஆகச் சராசரி 144. பிராட்மேன் பெயர் முதலில் வருவது 'குறைந்தது 20 இன்னிங்ஸ்' என்ற வரம்பு போடுவதால்தான். அந்த வரம்பு நியாயமானது, ஆனால் கேள்வியில் அதைச் சொல்ல வேண்டும்.

கூடவே கணக்கு: பிராட்மேன் 80 இன்னிங்ஸ், 6996 ரன். 80-ஆல் வகுத்துவிட்டு "99.94 வரலியே" என்று வருகிறார்கள். சராசரிக்கு அவுட்டான தடவைகளால்தான் வகுப்பார்கள்; பத்து முறை நாட் அவுட், ஆக 70-ஆல் வகுக்க வேண்டும். 1948-ல் ஓவலில் கடைசி இன்னிங்ஸில் எரிக் ஹோலிஸின் இரண்டாவது பந்தில் டக். அன்றைக்கு ஒரு பவுண்டரி அடித்துவிட்டு அவுட்டாகியிருந்தால் 7000, சராசரி சரியாக 100.

டிராவுக்கும் டைக்கும் என்னங்க வித்தியாசம்? ரெண்டுலயும் யாரும் ஜெயிக்கலையே?

ஸ்கோர் சமமாக இருப்பது மட்டும் போதாது. கடைசியாக பேட் செய்யும் அணியின் இன்னிங்ஸும் முடிந்திருக்க வேண்டும், அப்போதுதான் டை. அது முடியாமல் நேரம் தீர்ந்துவிட்டால் டிரா. ஆண்கள் டெஸ்டில் இதுவரை இரண்டே இரண்டு டை: 1960 டிசம்பர் பிரிஸ்பேன், 1986 செப்டம்பர் நம் சேப்பாக்கம்.

சேப்பாக்கத்து மேட்சை ஸ்கோர் எழுதுகிறவனாகப் பார்த்தால் அழகே தனி. ஆஸ்திரேலியா 574-க்கு 7 டிக்ளேர், 170-க்கு 5 டிக்ளேர். இந்தியா 397, 347. இரண்டு பக்கமும் கூட்டுங்கள், 744, 744. கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும், கையில் ஒரு விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு ரன் எடுத்து, அடுத்து ஒரு சிங்கிள் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு மணீந்தர் சிங்கிடம் ஸ்ட்ரைக்கைக் கொடுத்தார். கிரெக் மேத்யூஸ் போட்ட ஐந்தாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. என்று நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். மணீந்தர் பேட்டில் பட்டது என்றே சொல்லிவந்தார். பட்டதோ இல்லையோ, நடுவர் கை தூக்கினால் அவுட், அவுட்டென்றால் டை. "அது உண்மையில் டிராதான்" என்று இன்னும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அதற்கு மார்க் தருவதில்லை.

டிராவில் ஸ்கோர் சமமான மேட்சுக்கு 2011 மும்பை. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும், நம்ம அஸ்வின் ஒன்று ஓடி இரண்டாவதுக்குத் திரும்பி ரன் அவுட். 242-க்கு 9, ஸ்கோர் சமம், ஆனால் இன்னும் ஒரு விக்கெட் பாக்கி. அதனால் டிரா. 1996-ல் புலவாயோவில் ஜிம்பாப்வே, இங்கிலாந்து மேட்சும் இதே கதைதான்.

சேப்பாக்கத்துல நட்கர்னி 21 மெய்டன் போட்டாரே, ரன்னே கொடுக்காம அதிக பந்து போட்டது அவர்தானே?

இந்தக் கேள்வியில் இரண்டு குழி இருக்கிறது. முதல் குழி, அந்த மேட்ச் சேப்பாக்கமே இல்லை. 1956 தொடங்கி 1965 வரை சென்னை டெஸ்ட்டுகள் நடந்தது சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இன்றைய நேரு ஸ்டேடியம், இப்போது கால்பந்து நடக்கிற இடம். 1964 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி 32 ஓவர், 27 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 5 ரன், விக்கெட் இல்லை என்று போட்டது அங்கேதான். 1956-ல் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 சேர்த்ததும் அங்கேதான். இரண்டையும் சேப்பாக்கம் என்று எழுதிய வினாத்தாளை எத்தனையோ பார்த்துவிட்டேன். 'மெட்ராஸ்' என்று போட்டிருந்தால் தப்பிக்கலாம்.

இரண்டாவது குழி, ஓவரும் பந்தும் ஒன்றல்ல. நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன், அது ரெக்கார்டு. தொடர்ந்து ரன் கொடுக்காத பந்து என்று எண்ணினால் 131. ஆனால் தென்னாப்பிரிக்காவின் ஹியூ டேஃபீல்ட் 1957 ஜனவரியில் டர்பனில் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடர்ந்து 137 பந்து போட்டிருக்கிறார். அப்போது அங்கே ஓவருக்கு எட்டுப் பந்து, 137 பந்து என்பது 17 ஓவர் சொச்சம்தான், அதனால் மெய்டன் கணக்கில் அவர் நட்கர்னிக்குக் கீழே, பந்துக் கணக்கில் மேலே. பழைய ரெக்கார்டில் 'ஓவர்' என்று பார்த்தால் எந்த நாடு, எந்த வருடம் என்று உடனே பார்த்துவிடுங்கள்.

முரளி 800-ல அஞ்சு விக்கெட் செல்லாதுன்னு வார்னே ரசிகர் ஒருத்தர் கிண்டல் பண்றாரு. என்ன பதில் சொல்ல?

அவர் சொல்வது 2005 அக்டோபரில் சிட்னியில் நடந்த ஆஸ்திரேலியா, உலக அணி மேட்ச். ஐ.சி.சி. அதை டெஸ்ட் என்று அறிவித்துத்தான் நடத்தியது, இன்றும் டெஸ்ட் கணக்கில்தான் இருக்கிறது. அதில் முத்தையா முரளிதரனுக்கு 5 விக்கெட். இலங்கைக்காக மட்டும் என்றால் 795. நாட்டுக்கு நாடு ஆடுவதுதான் டெஸ்ட், இது சேராது என்று பில் ஃபிரிண்டால் போன்ற பெரிய புள்ளியியலாளர்களே அதைக் கணக்கில் எடுக்க மறுத்தார்கள், ஆக அந்த வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை.

ஆனால் அதே மேட்சில் வார்னே எதிரணியில் ஆடி 6 விக்கெட் எடுத்தார். அதை நீக்கினால் அவருடைய 708-உம் 702 ஆகிவிடும். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், பேச்சை மாற்றிவிடுவார். வினாடி வினாவில் நான் ஐ.சி.சி. கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், 2010 ஜூலையில் இலங்கையின் காலி மைதானத்தில் கடைசி மேட்சின் கடைசி விக்கெட்டாக பிரக்யான் ஓஜாவை எடுத்து 800.

அப்போ 1970-ல இங்கிலாந்து உலக அணியோட ஆடினது மட்டும் ஏன் டெஸ்ட் இல்ல?

நியாயமான கேள்வி, இதற்கு நியாயமான பதில் கிடையாது. நிறவெறிப் பிரச்சினையால் தென்னாப்பிரிக்கா பயணம் ரத்தாகி, அதற்குப் பதில் உலக அணியோடு ஐந்து மேட்ச் வைத்தார்கள். ஆடும்போது டெஸ்ட் என்றே சொன்னார்கள், பிற்பாடு பிடுங்கிக்கொண்டார்கள். 1972 ஜனவரியில் மெல்போர்னில் உலக அணிக்காக சோபர்ஸ் அடித்த 254-உம் டெஸ்ட்டில் சேராது, தான் பார்த்ததிலேயே தலைசிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று பிராட்மேனே மெச்சிய இன்னிங்ஸ் அது.

இதில் நொந்தவர் கிளமோர்கன் கவுண்டி அணியின் ஆலன் ஜோன்ஸ். 1970-ல் லார்ட்ஸில் ஒரே மேட்ச், 5, 0. அதுவும் டெஸ்ட் இல்லை என்று ஆனதும், டெஸ்ட் ஆடாமலே முதல்தரப் போட்டிகளில் (பல நாள் நடக்கும் உயர்மட்டப் போட்டிகள்) அதிக ரன் எடுத்தவர் என்ற பெயர்தான் மிஞ்சியது, 36,049 ரன். 2020-ல் இங்கிலாந்து வாரியம் அவருக்கு 696 என்ற எண்ணோடு தொப்பியைத் திருப்பிக் கொடுத்தது. தொப்பி உண்டு, மேட்ச் இன்னும் டெஸ்ட் இல்லை. "டெஸ்ட் தொப்பி வாங்கியும் டெஸ்ட் ஆடாதவர் யார்?" என்று இப்போது தாராளமாகக் கேட்கலாம்.

நம் பக்கத்தில் கானர் வில்லியம்ஸ். 2001 நவம்பரில் தென்னாப்பிரிக்கப் பயணத்தில் மேட்ச் ரெஃப்ரி மைக் டென்னஸ் ஆறு இந்திய வீரர்களுக்குத் தண்டனை கொடுத்து ரகளையானது, இரண்டு வாரியங்களும் அவரை ஒதுக்கிவிட்டு செஞ்சூரியனில் ஆடின, ஐ.சி.சி. அதை டெஸ்ட் என்று ஏற்கவில்லை. வில்லியம்ஸ் இந்தியாவுக்கு ஆடியது அந்த மேட்ச் மட்டும்தான்.

ஜாக் ஹாப்ஸ் முதல்தர சதம் 197-ஆ, 199-ஆ? ரெண்டு புத்தகத்துல ரெண்டு மாதிரி இருக்கே?

இரண்டும் அச்சுப் பிழை இல்லை. விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு மலர் 197 சதம், 61,237 ரன் என்கிறது. கிரிக்கெட் புள்ளியியலாளர் சங்கத்தின் கணக்கு 199, 61,760. வித்தியாசம் 1930-31-ல் வருகிறது. விஜியநகரத்து இளவரசர், எல்லோரும் விஸ்ஸி என்று கூப்பிடுபவர், தன் செலவில் ஓர் அணி கட்டி இந்தியாவிலும் இலங்கையிலும் மேட்ச் ஆடினார், ஐம்பதை நெருங்கிய ஹாப்ஸையும் கூட்டிவந்தார். அந்த மேட்சுகள் முதல்தரமா, காட்சிப் போட்டியா என்பதுதான் சண்டை.

எது முதல்தரம் என்று இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ் விதி போட்டதே 1947-ல்தான். பழைய மேட்சுகளுக்கு இது பொருந்தாது என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். அதனால் அதற்கு முந்தைய காலத்துக்கு ஆளுக்கொரு பட்டியல். டபிள்யூ.ஜி. கிரேஸுக்கும் இதே தொல்லை, 126 சதம் என்பார்கள், 124 என்பார்கள். 1947-க்கு முன் ஆடியவரின் முதல்தர மொத்தத்தைக் கேள்வியாக வைக்காதீர்கள் என்பேன். வைத்தே தீருவேன் என்றால் 'விஸ்டன்படி' என்று சேர்த்துவிடுங்கள்.

மேட்ச் முடிஞ்சு வருஷக்கணக்கானப்புறம் ரிசல்ட்டை மாத்த முடியுமா?

மாற்றி, திரும்பவும் மாற்றியிருக்கிறார்கள். 2006 ஆகஸ்டில் ஓவலில் பந்தைச் சேதப்படுத்தினார்கள் என்று ஐந்து ரன் தண்டனை கொடுத்ததும் பாகிஸ்தான் டீ இடைவேளைக்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. நடுவர்கள் டேரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் இங்கிலாந்துக்கு வெற்றி கொடுத்துவிட்டார்கள். 2008 ஜூலையில் ஐ.சி.சி. அதை டிரா என்று மாற்றியது. விதிப்படி உங்களுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கிளப் எதிர்த்தது, 2009 பிப்ரவரியில் பழையபடி இங்கிலாந்து வெற்றி. நடுவில் அச்சான புள்ளிவிவரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாராவது வாதாடினால் அச்சான வருடத்தைப் பாருங்கள்.

தப்பு என்று தெரிந்தும் மாற்றாததற்கு 2019 உலகக் கோப்பை இறுதி. கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸ் பேட்டில் பட்டு பவுண்டரிக்குப் போனதும் ஆறு ரன் கொடுத்தார்கள். பந்து கையை விட்டபோது பேட்ஸ்மேன்கள் இரண்டாவது ரன்னுக்குக் கடக்கவில்லை, விதிப்படி ஐந்துதான். நடுவர் தர்மசேனாவே பிறகு ஒத்துக்கொண்டார். ஆனாலும் ஸ்கோர்போர்டில் இருப்பதுதான் கணக்கு. அதே மேட்சில் இன்னொரு பொறி: நியூசிலாந்து 'எத்தனை ரன்னில் தோற்றது?' தோற்கவே இல்லை, மேட்சும் டை, சூப்பர் ஓவரும் டை, கோப்பை மட்டும் 26-க்கு 17 என்று பவுண்டரி எண்ணிக்கையில் போனது.

அஃப்ரிடி 16 வயசுல 37 பந்துல செஞ்சுரி. அவரே 16 இல்லன்னு எழுதிட்டாராமே, அப்போ ரெக்கார்டு?

1996 அக்டோபர், நைரோபி, இலங்கைக்கு எதிராக. 37 பந்து பற்றிச் சண்டையே இல்லை. வயதில்தான். தன் சுயசரிதையில் அப்போது எனக்கு 16 இல்லை, 19 என்று எழுதிவிட்டு, பிறந்தது 1975 என்றும் எழுதியிருக்கிறார். 1975-ல் பிறந்தால் 1996 அக்டோபரில் 19 எப்படி வரும்? அவர் வாக்குமூலத்தை ஏற்கலாம் என்றாலும் எதை ஏற்பது என்று தெரியாது. பதிவில் உள்ள பிறந்த தேதி மாறாதவரை ஆண்கள் ஒருநாள் போட்டியில் இளம்வயது சதம் அவர் பெயரில்தான் நிற்கும். பாகிஸ்தானின் ஹசன் ராஸா 14 வயதில் டெஸ்ட் ஆடினார் என்பதும் இதே போன்ற சந்தேகத்தில் இருக்கிறது. 'இளையவர்' என்று தொடங்கும் கேள்வியை நான் வைப்பதே இல்லை.

வேகமான செஞ்சுரி, வேகமான பந்து, இதெல்லாமாவது கருவி கணக்குதானே, இதுல என்ன தகராறு?

டெஸ்டில் வேகமான சதம் பந்துக் கணக்கில் மெக்கல்லம், 2016, கிறைஸ்ட்சர்ச், 54 பந்து. நிமிடக் கணக்கில் இன்னும் ஜாக் கிரெகரி, 1921, ஜோகன்னஸ்பர்க், 70 நிமிடம். அந்தக் காலத்தில் எத்தனை பந்து ஆடினார் என்பதை யாரும் பெரிதாக எழுதிவைக்கவில்லை, நேரத்தைத்தான் குறித்தார்கள். கிரெகரிக்கு 67 பந்து என்பது பின்னால் ஸ்கோர் புத்தகத்தை நோண்டிக் கண்டுபிடித்தது.

பந்து வேகத்தில் ஷோயப் அக்தர், 2003 உலகக் கோப்பை, கேப் டவுன், 161.3 கிலோமீட்டர். அதற்கு முந்தைய வருடமே லாகூரில் 161 காட்டியது, ஐ.சி.சி. அந்தக் கருவியை ஏற்கவில்லை. ஜெஃப் தாம்சனை 1970-களில் வேறு முறையில் அளந்தார்கள். வெவ்வேறு கருவிகளின் எண்களை வரிசைப்படுத்தி 'யார் வேகம்' என்பதை டீக்கடையில் பேசலாம், போட்டியில் கேட்கக் கூடாது.

சேவாக் 309-க்கு முன்னாடி இந்திய ஓபனரோட அதிகபட்ச ஸ்கோர் கவாஸ்கர் 236-தானே?

எனக்குப் பிடித்த பொறி இது. 1983 டிசம்பர், இது நிஜமாகவே சேப்பாக்கம், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 236 நாட் அவுட். ஆனால் கவாஸ்கர் அந்த மேட்சில் நாலாவது ஆளாக இறங்குவதாக முடிவு. மார்ஷல் கெய்க்வாடையும் வெங்சர்க்காரையும் டக்கில் அனுப்பிவிட, கவாஸ்கர் உள்ளே வரும்போது ஸ்கோர் 0-க்கு 2. ஓபனர் மாதிரிதான் வந்தார், ஓபனராக வரவில்லை. ஸ்கோர்கார்டில் நாலாவது இடம். அதனால் விடை மன்கட்டின் 231, மேலே சொன்ன அதே 413 ரன் கூட்டணியில் அடித்தது.

ஒரே நாட்டு அணி ஒரே நாள்ல ரெண்டு டெஸ்ட் ஆட முடியுமா?

இங்கிலாந்து ஆடியிருக்கிறது. 1930 ஜனவரியில் ஓர் அணி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், இன்னொரு அணி பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில். இரண்டும் அதிகாரபூர்வ டெஸ்ட்.

கடைசியா, ரெண்டு பேரும் விடமாட்டேங்கிறாங்கன்னா பந்தயக் காசு யாருக்கு?

முதலில் பந்தயம் கட்டியபோது சொன்ன வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், இப்போது மாற்றிச் சொல்வதை அல்ல. 'டெஸ்ட்', 'ஆண்கள்', 'இதுவரை' போன்ற சொல் அதில் இருந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அஃப்ரிடி, முரளி மாதிரி விஷயமென்றால் இன்றைய அதிகாரபூர்வ பதிவு என்ன சொல்கிறதோ அவருக்குக் காசு. ஹாப்ஸ் மாதிரி இரண்டு நல்ல கணக்கு இருந்து, எந்தக் கணக்கு என்று முன்பே பேசிக்கொள்ளவில்லையென்றால் அவரவர் காசை அவரவரிடம் கொடுத்துவிடச் சொல்வேன். இந்தத் தீர்ப்புக்கு இரண்டு தரப்பிலும் திட்டு வாங்கியிருக்கிறேன், தீர்ப்பை மாற்றியதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் என்றால் மட்டும் காலையில் கூப்பிடுங்கள்.